அறியப்படாத துயரம்: மக்ஸ் ஒபுல்ஸின் திரைப்படமொன்றில் இழப்பும் இரங்கலும்

கண்ணீரை வரவழைக்கும் திரைப்படங்கள்மீது விமர்சகர்களுக்கு நெடுங்காலமாகவே ஓர் ஐயம் உண்டு. பார்வையாளரை அழவைப்பது எளிது என்பதும், அழுதவர் சிந்திப்பதில்லை என்பதும் அவ்வையத்தின் அடிப்படைகள். காதற் கதைகளை, அதிலும் பழைய காலமொன்றின் ஆடை அணிகளோடும் குதிரை வண்டிகளோடும் புனையப்படும் காதற் கதைகளை, சமூகப் பிரக்ஞையுடையோர் பலர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது இதனாலேயே. இவ்வொதுக்கல் பெரும்பாலான படங்களின் விடயத்தில் நியாயமானதே. ஆயினும், அழுகை எவ்வாறு பிறக்கிறது, எதன் பொருட்டுப் பிறக்கிறது என்ற வினாக்களை எழுப்பாது எல்லாக் கண்ணீரையும் ஒரே தராசில் நிறுப்பது விமர்சனமாகாது.

இவ்வினாக்களைத் தமிழ் இலக்கண மரபு மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியுள்ளது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டினை ஒரு தனி உணர்ச்சியாகக் கொண்டு அமைந்துவிடாது, அது தோன்றும் நிலைக்களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுக்கிறது. பிறரால் எளியராக எண்ணப்படுதல் இளிவு. உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் அசைவு. வேண்டியதனை நுகரப் பெறாத நிலை வறுமை. சாவு மட்டுமே அழுகைக்குக் காரணமன்று என்பதும், இழவுக்கு முன்னதாக இளிவு வைத்து எண்ணப்பட்டுள்ளது என்பதும் இங்கு கருதத்தக்கன. இப்பகுப்பினை மனத்திற் கொண்டு ‘லெட்டர் புறொம் ஆன் அன்நோன் வுமன்’ என ஆங்கிலத்தில் வழங்கும் ‘முகமறியாப் பெண்ணின் கடிதம்’ என்ற திரைப்படத்தை நோக்குமிடத்து, துயரத்தைக் கையாள்வதில் அப்படம் அடைந்துள்ள நுட்பம் புலனாகும்.

1948ஆம் ஆண்டு ஹொலிவூட்டிலிருந்து வெளிவந்த இப்படத்தின் நெறியாளர் மக்ஸ் ஒபுல்ஸ் (1902–1957). ஜேர்மனியிற் பிறந்த யூதரான இவர், 1920களில் வியன்னாவின் புகழ்பெற்ற பேர்க் தியேட்டர் அரங்கில் நெறியாளராகப் பணியாற்றியவர். நாஸிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் ஜேர்மனியை விட்டு வெளியேறி, பிரான்ஸ் வழியாக 1941இல் அமெரிக்காவை அடைந்தவர். படத்தின் மூலக்கதை ஒஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக் 1922இல் வெளியிட்ட குறுநாவலாகும். ஸ்வைக்கும் புலம்பெயர்ந்தவரே, 1942இல் பிரேசிலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். திரைக்கதையை ஹவார்ட் கொக் எழுதினார். ஒளிப்பதிவு பிரான்ஸ் பிளானருடையது. லிசாவாக ஜோன் பொன்டேனும், ஸ்டெபான் பிராண்ட் என்னும் இசைக்கலைஞனாக லூயி யூர்டானும் நடித்தனர். வெளிவந்த காலத்தில் அமெரிக்காவில் இப்படம் பெரு வெற்றி எதனையும் அடையவில்லை. பின்னரே அதன் பெருமை உணரப்பட்டு, 1992இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

கதை 1900ஆம் ஆண்டளவில் வியன்னா நகரில் நிகழ்கிறது. அந்த வியன்னா 1918இல் பேரரசோடு சேர்ந்து மறைந்துவிட்ட நகரம். அதனைக் கலிபோர்னியாவின் படப்பிடிப்புத் தளத்திலே, அந்நகரை அறிந்திருந்தும் அங்கு திரும்ப இயலாத நிலையிலிருந்த ஒருவர் மீளக் கட்டியெழுப்பினார். ஆதலின் இப்படத்தில் ‘பழைய காலம்’ என்பது வெறும் அலங்காரமன்று. எல்லாமே முன்னரே இழக்கப்பட்டுவிட்டன என்ற உணர்வு அதன் ஒவ்வொரு தெருவிளக்கிலும் மாடிப்படியிலும் படிந்திருக்கிறது.

கதைச் சுருக்கம் இது. மழை பெய்யும் இரவொன்றில் ஸ்டெபான் வீடு திரும்புகிறான். விடியலில் அவன் ஒருவரோடு இருவர்ச் சமர் புரிய வேண்டும். ஆனால் அதற்கு முன்னரே ஊரைவிட்டுத் தப்பியோடிவிட எண்ணுகிறான். அவனது வாய்பேசாத வேலையாள் ஒரு கடிதத்தை நீட்டுகிறான். இதனை நீ வாசிக்கும்போது நான் இறந்திருக்கலாம் என்னும் கருத்தோடு அக்கடிதம் தொடங்குகிறது. எழுதியவள் லிசா. சிறுமியாக இருந்தபோது அயல்வீட்டிற்குக் குடிவந்த ஸ்டெபானின் பியானோ இசையைக் கேட்டு அவனிடம் மனத்தைப் பறிகொடுத்தவள்; பின் ஒரே ஓர் இரவு அவனோடு கழித்து அவன் குழந்தையைப் பெற்றவள்; ஆண்டுகள் பல கழிந்தபின் வேறொருவரின் மனைவியாக அவனைச் சந்தித்தவள். ஒவ்வொரு முறையும் அவன் அவளைப் புதியவளாகவே காண்கிறான். முன்னர் கண்டவள் என்பது அவன் நினைவுக்கு வருவதேயில்லை.

இங்கு முதலாவதாகக் கவனிக்கவேண்டியது கதை சொல்லப்படும் முறையாகும். கடிதத்தின் குரல் இறந்துபோனவளின் குரல் என்ற ஐயத்தோடேயே பார்வையாளர் படத்தினுட் புகுகின்றனர். சாதாரண அவலப் படங்களில் இன்பம் முதலில் வரும், பின்னர் துன்பம் அதனைக் கலைக்கும். இங்கோ துன்பம் முன்னதாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஊஞ்சலில் அமர்ந்து மாடியிலிருந்து வரும் இசையைக் கேட்கும் சிறுமியின் மகிழ்ச்சியும், கண்ணாடிக் கதவை அவனுக்காகத் திறந்து பிடித்து நிற்கும் அவளது கூச்சமும், நடக்கும்பொழுதே நினைவுகளாகிவிட்டன. அதிர்ச்சியால் வரும் கண்ணீருக்கு இம்முறையில் இடமில்லை. மெல்ல ஊறிவரும் இரக்கத்திற்கே இடமுண்டு.

லிசாவின் முதலாவது இழப்பு ஒரு மாடிப்படியில் நிகழ்கிறது. விதவையான அவளது தாய் மறுமணம் செய்துகொள்ள, குடும்பம் லின்ஸ் நகருக்குப் புறப்படுகிறது. புகையிரத நிலையத்தில் பெற்றோர் பயணப் பொதிகளோடு அலைக்கழியும் வேளையில், லிசா அங்கிருந்து ஓடிப் பழைய வீட்டிற்கு வருகிறாள். ஸ்டெபானின் கதவு பூட்டிக் கிடக்கிறது. மேற்படியில் அமர்ந்து இரவு முழுவதும் காத்திருக்கிறாள். அவன் வருகிறான், ஆனால் சிரிப்பொலியோடு வேறொரு பெண்ணை அழைத்துக்கொண்டு. இக்காட்சியில் கமெரா லிசாவின் முகத்தை அணுகிக் கண்ணீரைத் தேடவில்லை. அவளது தோளுக்குப் பின்னால், மேலே நின்று, அவள் காண்பதையே காண்கிறது. அவ்வளவே.

இதன் முழுப் பொருளும் ஆண்டுகள் சில கழிந்தபின்னரே வெளிப்படுகிறது. வளர்ந்து பெரியவளாகி, வியன்னாவில் ஆடைக் கடையொன்றில் உடைகளை அணிந்து காட்டும் வேலையைச் செய்துகொண்டு, இரவு தோறும் அவன் யன்னலின் கீழ் நின்று, ஒருநாள் அவன் பார்வையில் படுகிறாள் லிசா. அன்றிரவு அவன் அவளை அதே படிகளில் அழைத்துவருகிறான். கமெரா முன்பிருந்த அதே மேலிடத்தில், அதே கோணத்தில் நிற்கிறது. முன்னர் சிறுமி இருந்த இடம் இப்போது வெறுமையாக உள்ளது. லிசாவைப் பொறுத்தமட்டில் அது வாழ்க்கையின் உச்ச கணம்; மேலிருந்து நோக்கும் கண்ணுக்கோ அவள் அப்படிகளில் ஏறிவந்த பெண்களுள் மற்றுமொருத்தி. அன்றைய சிறுமியின் இடத்தில் இப்போது பார்வையாளர் அமர்த்தப்பட்டுள்ளனர். ஒரு சொல்லும் உரைக்கப்படாது, அழுகையொலி எதுவும் எழாது, இன்பத்தின் உள்ளேயே இழப்பினை உணர்த்தும் இவ்வுத்தி உலகத் திரைப்படத்தில் அரிதாகவே காணப்படுவது.

அவ்விரவின் நடுவே வரும் பிராட்டர் பூங்காக் காட்சியும் இவ்வாறானதே. குளிர்காலமாதலால் கேளிக்கைப் பூங்காவில் ஆட்கள் இல்லை. காதலர் இருவரும் போலிப் புகையிரதப் பெட்டியொன்றில் ஏறி அமர்கின்றனர். யன்னலுக்கு வெளியே வெனிஸ், சுவிற்சர்லாந்து எனத் தீட்டப்பட்ட திரைகள் நகர்கின்றன. முதியவர் ஒருவர் சைக்கிள் மிதிப்பதுபோல மிதித்து அத்திரைகளை நகர்த்துகிறார். மூதாட்டி ஒருத்தி பயணச் சீட்டு விற்கிறாள். பெட்டியில் இருந்தவாறு லிசா, காலஞ்சென்ற தன் தந்தையைப் பற்றிச் சொல்கிறாள். பயண நிலையத்துப் பிரசுரங்களை வைத்துக்கொண்டு மகளோடு கற்பனையில் ஊர்கள் பல சென்றவர் அவர். உண்மையில் எங்கும் சென்றவரல்லர். நாடுகளெல்லாம் முடிந்துவிட்டன என்று அறிவிக்கப்பட்டதும், மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறான் ஸ்டெபான்.

இப்படத்தில் மூன்று தடவை உண்மையான புகையிரத நிலையம் வருகிறது. முதலாவதில் லிசா ஸ்டெபானின் அயலை விட்டுப் பிரிக்கப்படுகிறாள். இரண்டாவதில் மிலான் நகருக்குச் செல்லும் ஸ்டெபான், இரண்டு வாரங்களில் வந்துவிடுவதாகக் கூறிப் பிரிகிறான், அவன் வரவேயில்லை. மூன்றாவதில் மகன் பிரிகிறான். எங்கும் போகாத அப்போலி வண்டியில் மட்டுமே பிரிவு இல்லை. அதுவும் முதியவர் ஒருவரின் கால்வலியினாலும் சில நாணயங்களாலுமே இயங்குகிறது. பின்னர் அவர்கள் ஆடும் நடன மண்டபத்தில், வாத்தியம் இசைக்கும் பெண்கள் வீடு திரும்பும் நேரத்தை எண்ணிச் சலித்துக்கொள்கின்றனர். காதலரின் கனவு பிறரது கூலி உழைப்பின்மேல் நிற்பது என்பதனை ஒபுல்ஸ் இவ்வாறு காட்டிச் செல்கிறார். இப்படத்தைச் சமூகப் பார்வையற்றது என்று கூறுவோர் இவ்விரு காட்சிகளையும் கணக்கிலெடுப்பது நன்று.

இழவு என்னும் நிலைக்களன் முழுமையாக வெளிப்படுவது மகனின் பிரிவிலேயே. லிசா இப்போது யோஹான் ஸ்டாவ்பர் என்னும் கனவானின் மனைவி. அவளது கடந்தகாலத்தை அறிந்தே மணந்தவர் அவர். சிறுவனுக்குத் தந்தையின் பெயரே இடப்பட்டிருக்கிறது. ஒபரா அரங்கில் ஸ்டெபானை மீண்டும் கண்டபின், லிசா மகனைப் புகையிரதத்தில் அனுப்பிவைக்கிறாள். இருவரும் ஒரு பெட்டியில் ஏறி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில், அதிகாரி வந்து அதில் எவரும் இருக்கக்கூடாது என்கிறார். அவர்கள் வேறு பெட்டிக்கு மாறுகின்றனர். அப்பெட்டியில் தைபஸ் நோயாளி ஒருவர் இருந்தார் என்பது வெளியே நிற்போரின் பேச்சால் பார்வையாளருக்குத் தெரிகிறது; தாய்க்குத் தெரியவில்லை. வண்டி நகர்கிறது. இரண்டு வாரங்கள் என்று சிறுவன் கூவுகிறான். தந்தை சொன்ன அதே சொற்கள். தந்தை மறதியினால் திரும்பவில்லை. மகன் மரணத்தினால் திரும்பப்போவதில்லை.

சிறுவனின் மரணப் படுக்கையைப் படம் விரித்துக் காட்டுவதில்லை. வேறெந்த நெறியாளரும் பத்து நிமிடம் நீட்டியிருக்கக்கூடிய அக்காட்சி, கடிதத்தின் சில வாக்கியங்களுள் அடங்கிவிடுகிறது. ஆனால் நிலையத்தின் அச்சில கணங்களில் பார்வையாளர் அறிந்ததும் தாய் அறியாததும் ஒன்றோடொன்று மோதுவதால், மரணம் அங்கேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அறிந்தும் தடுக்க இயலாத இந்நிலையே அவலத்தின் உயிர்நாடி எனலாம்.

எனினும் படத்தின் மிகக் கொடிய கணம் அதுவன்று. மகனை அனுப்பியபின் லிசா வெண்மலர்களோடு ஸ்டெபானின் வீட்டிற்குச் செல்கிறாள். கணவனையும் பாதுகாப்பையும் துறந்து, தன் வாழ்க்கை முழுவதையும் கூறிவிடும் துணிவோடு வந்திருக்கிறாள். அவனோ பழகிப்போன இன்சொற்களைப் பேசுகிறான். மதுவை ஆயத்தம் செய்ய உள்ளே சென்றவாறு அங்கிருந்தே உபசார வார்த்தைகளை உதிர்க்கிறான். பல பெண்களிடம் பேசப்பட்டுத் தேய்ந்துபோன சொற்கள் அவை. அவள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. லிசா ஒன்றும் கூறாமல் வெளியேறுகிறாள். மூல நாவலில் இதற்கு நேரான இடத்தில் அவன் அவளது கையுறைப் பைக்குள் பணத்தாள்களை மறைவாகச் செருகுகிறான். படத்தில் பணம் இல்லை; இனிய பேச்சு மட்டுமே. அவமதிப்பதாக உணராமலேயே அவமதிக்கும் அப்பேச்சு பணத்திலும் கொடியதாகிறது. இழவின் முன் இளிவை வைத்த இலக்கண ஒழுங்கிற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. மகனின் மரணம் நோயினால் வந்தது, அதற்கு எவரும் பொறுப்பல்லர். அறியப்படாமை என்பதோ மனிதன் மனிதனுக்குச் செய்வது.

இவ்விடத்தில் நியாயமான ஆட்சேபமொன்று எழலாம். தன்னை நினைவில் வைத்திராத ஒருவனுக்காகத் தன் வாழ்வை அழித்துக்கொள்ளும் பெண்ணை இப்படம் புனிதப்படுத்துகிறதா? பெண்ணின் தியாகத்தைப் போற்றி அவளது அடிமைத்தனத்தை நிலைநிறுத்தும் எண்ணற்ற கதைகளுள் இதுவும் ஒன்றா? இவ்வாட்சேபத்திற்கு இடமளிக்கும் கூறுகள் படத்தில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நாவலின் பெண் மகனை வசதியாக வளர்ப்பதற்காகச் செல்வந்தரிடம் தன்னை விற்கிறாள். வறுமை அவளை எங்கு கொண்டு நிறுத்தியது என்பதை ஸ்வைக் ஒளிக்கவில்லை. அக்கால ஹொலிவூட்டின் ஒழுக்கத் தணிக்கை விதிகளுள் இயங்கிய படமோ அவளைக் கண்ணியமான கனவானுக்கு மணம் செய்து வைக்கிறது. வறுமை என்ற நிலைக்களன் இங்கு பெரிதும் மழுங்கடிக்கப்பட்டுள்ளது. கன்னிமாரின் தரும வைத்தியசாலையில் குழந்தையைப் பெற்று, தந்தையின் பெயரைக் கூற மறுக்கும் காட்சியோடு அது நின்றுவிடுகிறது. இது படத்தின் குறையே.

ஆயினும் லிசாவின் காதலைப் படம் அவளது கண்களால் மட்டும் நோக்கவில்லை. லின்ஸ் நகரில் இளம் இராணுவ அதிகாரியொருவர் அவளை மணக்கக் கேட்கும் காட்சி இதற்குச் சான்று. பாண்டு வாத்தியமும் ஞாயிறு உலாவும் குடும்ப மரியாதையும் ஒருங்கிணைந்து, திருமணம் என்பதை ஓர் ஊர்வலமாகவே ஆக்கிவிடுகின்றன. அவ்வொழுங்கை மறுப்பதற்கு லிசாவிடம் உள்ள ஒரே ஆயுதம் அவளது கற்பனை. வியன்னாவிலுள்ள இசைக்கலைஞன் ஒருவனுக்குத் தான் நிச்சயிக்கப்பட்டவள் என்று பொய் கூறுகிறாள். தானே தெரிவு செய்வதற்கு வேறெதுவும் அளிக்கப்படாத பெண் தன் காதலைத் தெரிவு செய்கிறாள். அத்தெரிவே அவளை அழிக்கிறது. அவளது பற்றுறுதி பெருமைக்குரியதாகவும் பேதைமையாகவும் ஒருங்கே தோன்றுவது இதனாலேயே. மகனின் மரணத்தில் அவளுக்கும் பங்கு உண்டென்பதைப் படம் மறைக்கவுமில்லை, அதற்காக அவளைத் தண்டிக்கவுமில்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஸ்டான்லி கவெல் 1996இல் வெளியிட்ட நூலொன்றில் இப்படத்தை அறியப்படாத பெண்களின் கதைகள் என்னும் தனி வகையின் மையத்தில் வைத்து ஆராய்ந்தமையும், அறிதல் என்பதே அதன் உண்மையான பொருள் என்பதனை வலியுறுத்துகிறது.

படத்தின் முடிவு இக்கருத்தை நிறைவு செய்கிறது. வைத்தியசாலையில் எழுதப்பட்ட கடிதம் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. லிசா இறந்த செய்தியைக் கன்னியாஸ்திரி ஒருவரின் குறிப்புத் தெரிவிக்கிறது. ஸ்டெபானின் நினைவில் அக்காட்சிகள் ஒவ்வொன்றாக மீள்கின்றன. அவளது பெயரை எழுதித் தருபவன் வாய்பேசாத அந்த வேலையாள். பேசத் தெரிந்தவன் மறந்தான்; பேச இயலாதவன் நினைவில் வைத்திருந்தான். வீட்டில் வேலைசெய்பவரின் கண்ணுக்குத் தெரிந்த பெண் எசமானின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதில் ஒரு சமூக உண்மையும் அடங்கியுள்ளது.

நாவலின் இறுதியில் எழுத்தாளன் தெளிவற்ற ஏதோவொன்றை மட்டுமே உணர்கிறான். பிறந்தநாள் தோறும் வெண் ரோஜாக்கள் வந்த பூச்சாடி இம்முறை வெறுமையாக இருப்பதைக் காண்கிறான். ஒபுல்ஸ் தம் நாயகனுக்கு முழு நினைவையும் அளித்து, அதற்கான விலையையும் பெறுகிறார். தப்பியோட எண்ணியவன் இப்போது ஓடவில்லை. சமருக்கு அழைத்தவர் லிசாவின் கணவர் என்பது அப்போதே தெளிவாகிறது. வாயிலைக் கடக்கையில் ஸ்டெபான் திரும்பிப் பார்க்கிறான். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தவாறு அந்தச் சிறுமி நிற்கிறாள். பின் மெல்ல மறைகிறாள். வண்டி புறப்படுகிறது.

பழைய நிலை கெட்டு வேறொன்றாகி வருந்தும் அசைவு இங்கு ஸ்டெபானுக்கு உரியதாகிறது. படம் முழுவதும் துயரத்தைச் சுமந்தவள் லிசா. அதனை அறிந்தவர் பார்வையாளர் மட்டுமே. இறுதிக் கணத்தில் அது அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது, ஆற்றிக்கொள்ள அவகாசம் ஏதுமின்றி. அவனை மன்னிக்கும்படியோ வெறுக்கும்படியோ படம் கோரவில்லை. அருகிலிருந்த ஒருவரை ஒருமுறையேனும் முழுமையாக நோக்கியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது என்பதனை மட்டும் உணர்த்தி நிற்கிறது. இவ்வுணர்வோடு சிந்தப்படும் கண்ணீர் சிந்தனைக்குப் பகையானதன்று. சிந்தனை தொடங்குமிடமே அது. காதலையும் இழப்பையும் பொருளாகக் கொண்ட படங்களை மதிப்பிடும் எவரும், அவை எத்துணைக் கண்ணீரைப் பெற்றன என்பதைவிட, யாரை அறியுமாறு நம் கண்களைத் திறந்தன என்று வினவுவதே பொருத்தமுடையதாகும்.